வண்டியில் புதுப் பழம்... வாங்கலாமா, வேண்டாமா?

சாயங்காலம் ஆறு மணி. அயனம்பாக்கத்தில், அம்பத்தூர் - வானகரம் சாலை ஓரமாக ஒரு பழ வண்டி நிற்கிறது. ஒரு பக்கம் வழக்கமான ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை. இன்னொரு பக்கம் ரோஸ் கலரில், செதில் செதிலாக, பூவா பழமா என்று சொல்ல முடியாத ஒன்று. பக்கத்திலேயே முடி முளைத்த உருளைக்கிழங்கு மாதிரி இன்னொன்று.

"என்னப்பா இது?"

"டிராகன்மா. சுகருக்கு நல்லது. ரத்தம் ஊறும். டெங்குவுக்குக்கூட இதைத்தான் சாப்பிடச் சொல்றாங்க. எடுத்துட்டுப் போங்க!"

கோயம்பேடு மார்க்கெட் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, உலகத்தின் எந்த மூலையில் விளைந்த பழமும் நம் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. ஆசையாக வாங்கியும் விடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கச்சேரி ஆரம்பம். "எனக்கு சுகர் இருக்கே, நான் சாப்பிடலாமா?" என்கிறார் மாமனார். "குழந்தைக்குக் கொடுக்காதேம்மா, என்னன்னே தெரியாது" என்கிறார் மாமியார். "தோலோட கடிக்கணுமா, உரிக்கணுமா?" என்று கணவர். பிள்ளைகளோ அதற்குள் கத்தியை எடுத்துவிடுகிறார்கள்.

இதில் மாமனார் கேட்பதும் சரி, மாமியார் பயப்படுவதும் சரி. நூற்றில் தொண்ணூறு பேருக்கு எந்தப் புதுப் பழமும் ஒன்றும் செய்யாது. ஆனால் மீதிப் பத்துப் பேர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு பழங்கள், ஒரு சிலருக்கு, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அது எந்தப் பழம், யாருக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொய்யாவும் ஒரு காலத்தில் புதுசுதான்!

"நம்ம ஊர்ப் பழம் இருக்க, இந்த வெளிநாட்டுச் சமாசாரம் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'நம்ம ஊர்ப் பழம்' என்று நாம் சொல்கிற பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். கொய்யா, பப்பாளி, அன்னாசி, சீத்தாப்பழம், சப்போட்டா - அத்தனையும் அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவை. ஐரோப்பியர்கள் கப்பலேறி வந்த பிறகு இங்கே வேர் பிடித்தவை. ரசத்துக்குப் போடும் தக்காளியும், தாளிக்கிற மிளகாயும்கூட அப்படித்தான்! முதன்முதலில் பப்பாளியைப் பார்த்த நம் கொள்ளுப்பாட்டிக்குக் கொள்ளுப்பாட்டியும், "இது என்னடி புதுசா?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஆகவே, புதுசு என்பதாலேயே ஒரு பழம் கெட்டதாகிவிடாது. விலை அதிகம் என்பதாலேயே நல்லதாகவும் ஆகிவிடாது. கிவிப் பழத்தில் வைட்டமின் 'சி' நிறைய என்பார்கள். உண்மைதான், 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் நம் கொய்யாவில் அதே 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமினுக்காக மட்டும் கிவி வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் காசில் வீடு முழுக்கக் கொய்யா சாப்பிடலாம். ருசிக்காக, ஒரு மாறுதலுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள்.

முதல் முறை எப்படிச் சாப்பிடுவது?

எந்தப் புதுப் பழமானாலும் சரி, முதல் தடவை சில விஷயங்களைக் கடைப்பிடியுங்கள்.

* ஒரு நாளில் ஒரே ஒரு புதுப் பழம். டிராகன், கிவி, லிச்சி எல்லாம் போட்டு ஃப்ரூட் சாலட் செய்தால், ஒத்துக்கொள்ளாமல் போனது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

* முதலில் இரண்டு சிறு துண்டு போதும். மறுநாள் கொஞ்சம் அதிகம்.

* பகல் நேரத்தில் சாப்பிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால், உதடு வீங்கினால்கூடத் தெரியாது.

* வெறும் வயிற்றில் வேண்டாம். ஏதாவது சாப்பிட்ட பிறகு சாப்பிடுங்கள்.

* ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். நாலு பழத்தைக் கடித்துத் தின்ன அரை மணி ஆகும். ஜூஸாக என்றால் அரை நிமிஷம்!

* தோலைச் சாப்பிடாத பழமானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே வெட்டுங்கள். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும்.

சாப்பிட்ட சில நிமிஷத்தில் வாய், நாக்கு, தொண்டை அரிக்கிறதா? உதடு தடிக்கிறதா? உடம்பில் தடிப்புத் தடிப்பாக வருகிறதா? உடனே நிறுத்துங்கள். அது அலர்ஜி. மூச்சு விடச் சிரமம், தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, குரல் மாறுவது, தலைசுற்றி மயக்கம் வருவது - இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். இரண்டாவது முறை சாப்பிட்டால் இன்னும் கடுமையாக வரலாம் என்பதால், அந்தப் பழத்துக்கு நிரந்தரமாக ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

டிராகன்: பயமுறுத்தும் சிவப்பு

பேர்தான் டிராகன். உண்மையில் இது கள்ளி வகையைச் சேர்ந்த செடியின் பழம். நம் ஊர் சப்பாத்திக்கள்ளிக்குத் தூரத்து உறவு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் பிறந்து, வியட்நாமில் பெருகி, இப்போது குஜராத், கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு என்று எங்கும் பயிராகிறது. 2021 ஜனவரியில் குஜராத் அரசு, 'டிராகன்' என்ற பேர் நன்றாக இல்லை, பழம் தாமரை போலிருக்கிறது என்று சொல்லி, 'கமலம்' என்று பேர் வைத்தது.

நெடுக்கில் இரண்டாக வெட்டி, ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிட வேண்டியதுதான். தோல் வேண்டாம். எள் மாதிரி இருக்கும் கறுப்பு விதைகளைச் சதையோடு சேர்த்தே சாப்பிடலாம். முதல் வாயில் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். "என்னங்க, இவ்ளோ கலரா இருக்கு, ருசியே இல்லையே!" என்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளைச் சதை, சிவப்புச் சதை என்று இரண்டு வகை உண்டு. சிவப்புச் சதை வகையில்தான் ஒரு வேடிக்கை. பீட்ரூட்டுக்குச் சிவப்பு தரும் அதே இனத்து நிறமிகள் இதிலும் இருக்கின்றன. சிலருக்கு அந்தச் சாயம் முழுசாக ஜீரணமாகாமல் அப்படியே வெளியே வந்துவிடும். மறுநாள் காலையில் சிறுநீர் ரோஸ் கலரில், மலம் சிவப்பாக! "ஐயையோ, ரத்தம் போகுதே!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோர் உண்டு. பழத்தின் சாயம் என்றால் ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். வலி, காய்ச்சல், எரிச்சல் இருக்காது. அப்படி இருந்தாலோ, பழத்தை நிறுத்திய பிறகும் சிவப்பு தொடர்ந்தாலோ டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்கும்போது, "முந்தாநாள் டிராகன் பழம் சாப்பிட்டான்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

டெங்குவுக்கு டிராகன் மருந்தா?

மழைக்காலம் வந்து, ஏரியோரப் புறநகர்களில் கொசு பெருகி, டெங்கு என்று பேச்சு அடிபட்டதும் கிவிக்கும் டிராகனுக்கும் கிராக்கி ஏறிவிடும். "பிளேட்லெட் ஏறும்" என்று யாரோ சொல்ல, கையில் இருக்கும் காசை எல்லாம் போட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

இந்தப் பழங்கள் டெங்கு நோயாளிக்கு பிளேட்லெட்டை ஏற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டெங்குவில் இறங்கும் பிளேட்லெட், நோய் தணியும்போது தானாகவே ஏறும். அந்த நேரம் பார்த்து நாம் கிவி கொடுத்திருந்தால், பேர் கிவிக்குப் போய்விடுகிறது!

சிவப்பு டிராகனை டெங்கு காய்ச்சலின்போது கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஏன் தெரியுமா? டெங்குவில் டாக்டர் பயப்படுவது ரத்தக்கசிவுக்கு. வாந்தியில் சிவப்பு தெரிகிறதா, மலம் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அந்த நேரத்தில் பீட்ரூட், சிவப்பு டிராகன், சிவப்பு சர்பத் எல்லாம் உள்ளே போனால், எது ரத்தம், எது சாயம் என்று யாருக்கும் புரியாது. பொய்யான பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமான ரத்தத்தைப் பார்த்து, "அது பழத்தோட கலர்தான்" என்று சும்மா இருந்துவிட்டால்?

டெங்குவில் வேண்டியது நீர்ச்சத்து. கஞ்சி, மோர், இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் இவையே போதும். காய்ச்சல் விட்டதும், "அப்பாடா" என்று நிம்மதியாகி விடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து கூடும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அதிகச் சோர்வு, கை கால் சில்லிட்டுப் போவது - இவற்றில் எது வந்தாலும் அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

கிவி: பாலில் போட்டால் கசக்கும்

சீனாவில் பிறந்த இந்தப் பழத்தின் விதை 1904-ல் நியூசிலாந்துக்குப் போனது. அங்கே அமோகமாக விளைந்தது. 1959-ல் ஏற்றுமதிக்காக, அந்த நாட்டுப் பறவையின் பேரையே இதற்கு வைத்துவிட்டார்கள். இன்று நம் நாட்டிலேயே அருணாசலப் பிரதேசத்திலும் இமாசலத்திலும் விளைகிறது. விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் வாழைப்பழத்தோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள், இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும்.

மட்டன் சீக்கிரம் வேக நம் வீட்டில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவோம் இல்லையா? பப்பாளிக்காயில் இருப்பதைப் போலவே, புரதத்தை உடைக்கும் ஒரு என்சைம் கிவியிலும் இருக்கிறது. அதனால்தான் கிவியைப் பாலில் அடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் கசந்து போகிறது. சிலருக்கு நாக்கு சுரசுரவென்று அரிப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் எல்லா அரிப்பும் இதனால்தான் என்று விட்டுவிடக் கூடாது. கிவி அலர்ஜி நிஜமாகவே பலருக்கு உண்டு. குறிப்பாக, பலூன் ஊதினால் உதடு தடிக்கிறவர்கள், ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறவர்கள் கவனம். ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களுக்குக் கிவி, வெண்ணெய்ப்பழம், வாழைப்பழம் மூன்றும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம்.

லிச்சி, ரம்புத்தான்: பிள்ளைகள் விஷயத்தில் உஷார்

பீகார் மாநிலம் முசாஃபர்பூர் லிச்சிக்குப் பேர் போன ஊர். அங்கே வருஷா வருஷம் கோடையில் குழந்தைகள் விடியற்காலையில் திடீரென்று வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். 2014-ல் மே 26 முதல் ஜூலை 17 வரை மட்டும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 390 பேர் சேர்க்கப்பட்டு, அவர்களில் 122 பேர் இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் கிருமியா, பூச்சி மருந்தா என்று பல வருஷம் புரியாத புதிர்.

இந்திய, அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கட்டுரை ஒரு பதில் சொன்னது. லிச்சியில், முக்கியமாகக் காயில், இயற்கையாகவே ஒருவித நச்சுப்பொருள் இருக்கிறது. நாம் பட்டினி கிடக்கும்போது உடம்பு தன் கொழுப்பை எரித்துச் சர்க்கரை தயாரித்துக்கொள்ள உதவும் வழியை அது அடைத்துவிடுகிறது. பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு, ராத்திரி சாப்பிடாமலே படுத்த குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது. ஏற்கெனவே சத்துக் குறைந்த உடம்பு, சேமிப்பு ஒன்றும் இல்லை. அதுதான் உயிரை எடுத்தது.

நம் வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடும் குழந்தை நாலு பழுத்த லிச்சி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பாடம் ஒன்று இருக்கிறது. காயாக இருப்பதைக் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். "லிச்சியே வயிறு நிறையத் தின்னுட்டான், ராத்திரி சாப்பாடு வேண்டாமாம்" என்று மட்டும் விடவே விடாதீர்கள்.

ரம்புத்தான் நமக்கு அவ்வளவு அன்னியமில்லை. குற்றாலம் சீசனில் பார்த்திருப்பீர்கள். நீலகிரி மலைப்பாதையில் பர்லியாறிலும் கிடைக்கும். தோலில் பல் பதிந்த தடமோ, கொறித்த அடையாளமோ இருந்தால் தூர எறிந்துவிடுங்கள். நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. 2021 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபாவால் 12 வயதுச் சிறுவன் இறந்தபோது, அவன் வீட்டுப் பக்கத்திலிருந்து ரம்புத்தான் பழங்களையும் பரிசோதனைக்கு எடுத்தார்கள்.

இதைவிட அன்றாட ஆபத்து ஒன்று உண்டு. அது கொட்டை! லிச்சி, ரம்புத்தான், லாங்கன் மூன்றுமே வழவழப்பான சதை, வழுக்கும் கொட்டை. சின்னக் குழந்தை வாயில் போட்டு, சிரித்தாலோ ஓடினாலோ நேராக மூச்சுக்குழாய்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டு, சதையையும் நீளவாக்கில் வெட்டி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

அடைத்துக்கொண்டால்? குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இரும முடியவில்லை, அழமுடியவில்லை, முகம் நீலமாகிறது என்றால், முன்பக்கம் குனிய வைத்து, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்து உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. மல்லாத்தி, மார்பு நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்த வேண்டும். கொட்டை வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-க்கு போன் செய்யட்டும். கண்ணுக்குத் தெரியாத கொட்டையைத் தேடி விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

ஸ்டார் ஃப்ரூட்: கிட்னி நோயாளிக்கு ஒரு துண்டுகூட வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலிருக்கும் மஞ்சள் பழம். புளிப்பும் இனிப்புமாக, பார்க்கவே அழகு. சில வீட்டுத் தோட்டங்களிலும் காய்க்கிறது. நல்ல கிட்னி உள்ளவர்களுக்கு ஒரு பழம் ஒன்றும் செய்யாது. ஆனால் இதில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு ஒன்று இருக்கிறது. பிரேசில் விஞ்ஞானிகள் 2013-ல் அதை அடையாளம் கண்டு 'காராம்பாக்சின்' என்று பேரிட்டார்கள். கிட்னி நன்றாக இருந்தால் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். கிட்னி பழுதானவர்களுக்கு, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, அது ரத்தத்திலேயே தங்கி மூளையைத் தாக்குகிறது.

முதல் அறிகுறி என்ன தெரியுமா? விக்கல்! நிற்காத விக்கல். "யாரோ நினைக்கிறாங்க" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு இருப்போம். பிறகு வாந்தி, குழப்பமான பேச்சு, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, கோமா என்று போய், இறந்தவர்களும் உண்டு. சிகிச்சை, தாமதமில்லாமல் டயாலிசிஸ். கிட்னி நோயாளி யாராவது இதைச் சாப்பிட்டுவிட்டு விக்க ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். பழத்தின் பேரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல். பத்துப் பதினைந்து வருஷமாக சுகர் இருக்கும் பலருக்கு, கிட்னி சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும். அவர்களுக்கே தெரியாது. "அப்பாவுக்கு கிட்னி பிராப்ளம் எல்லாம் இல்லையே" என்று சொல்லும் முன், கடைசியாக எப்போது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். வருஷம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமானவர்களும் இந்தப் பழத்தை வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராக ஜூஸ் போட்டுக் குடிக்கக் கூடாது. இதில் ஆக்சலேட் அதிகம். அப்படிக் குடித்துக் கிட்னி பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

கிட்னி நோயாளிகள் கிவி, வெண்ணெய்ப்பழம், துரியன் போன்றவற்றிலும் கவனமாக இருக்க வேண்டும். இவற்றில் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையோடு சண்டை போடும் பழம்

ஆரஞ்சுக்கு அண்ணன் மாதிரி, லேசான கசப்போடு 'கிரேப் ஃப்ரூட்' என்று ஒன்று பெரிய கடைகளில் கிடைக்கிறது. கனடாவில் ஒரு பிரஷர் மாத்திரையை ஆராய்ந்தபோது, மதுவின் ருசி தெரியாமல் இருக்க இந்த ஜூஸைக் கலந்து கொடுத்தார்கள். பார்த்தால், மாத்திரையின் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது! மருந்தை உடைக்கும் என்சைமை இந்தப் பழம் முடக்கிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாத்திரை பல மாத்திரை போல வேலை செய்யும்.

சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடும் சில மருந்துகள் இதில் அடக்கம். நம் ஊர் பம்பளிமாஸும் இதே குடும்பம்தான், அதே வேலையைச் செய்யக்கூடியது. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இவற்றைத் தொடும் முன் டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுகர் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் 'சுகருக்கு நல்லது' என்று வண்டிக்காரர் சொன்னதற்காக மாத்திரையைக் குறைக்காதீர்கள். டிராகன் பழம் ஒரு பழம், மருந்து அல்ல. 100 கிராமில் சுமார் 60 கலோரி இருக்கும். ஒரு முழுப் பழம் 300, 400 கிராம்கூட இருக்கும் என்பதால், ஒரு வேளைக்குக் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு போதும். சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சாப்பிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைவிட உங்கள் ரத்தம் சொல்வது சரியாக இருக்கும்.

வாங்கும் முன் நாலு கேள்வி

1. வீட்டில் யாருக்காவது கிட்னிப் பிரச்னை இருக்கிறதா? இருந்தால் ஸ்டார் ஃப்ரூட் வீட்டு வாசலுக்கே வர வேண்டாம்.

2. யாருக்காவது ஏற்கெனவே பழம், ரப்பர் அலர்ஜி உண்டா?

3. சின்னக் குழந்தை இருக்கிறதா? கொட்டையை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

4. யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்களா?

நாலுக்கும் 'இல்லை' என்றால் பயமில்லாமல் வாங்குங்கள். 'ஆமாம்' என்றால், எந்தப் பழம் யாருக்கு ஆகாது என்று பார்த்து வாங்குங்கள். பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து 'ஒரிஜினல் ஃபாரின்' என்று மயங்க வேண்டாம். அது பில் போடுவதற்கான நம்பர், தரச் சான்றிதழ் அல்ல. வெட்டி வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி விற்பதைவிட முழுப் பழமாகவே வாங்குவது மேல்.

முதல் தடவை ஒரே ஒரு பழம் வாங்கி, வீட்டில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள். பிடித்து, ஒத்தும் கொண்டால் அடுத்த வாரம் ஒரு கிலோ. பிடிக்கவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது கொய்யா!